பிள்ளைகளைக் கேட்டபின் பதில் சொல்லுங்கள்: பூங்காவைப் புதுப்பிக்கும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

குடியிருப்புப் பகுதியில் உள்ள பூங்காவைப் புதுப்பிக்கப் பணம் ஒதுக்கப்பட்டால் என்னென்ன வரும் என்பது நமக்குத் தெரியும். சுற்றுச்சுவருக்கு வண்ணம், நடைபாதைக்குப் பேவர் பிளாக், நடுவில் கொரியன் புல், மூலையில் ஒரு ஃபைபர் சறுக்குமரம், இரண்டு ஊஞ்சல். நலச்சங்கப் பெரியவர்களும் உதவிப் பொறியாளரும் ஒப்பந்தக்காரரும் கூடிப் பேசி முடிவு செய்துவிடுவார்கள். தினமும் மாலையில் அங்கே ஓடப்போகிற பிள்ளைகளை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

கேட்பது அவர்களுக்கு நாம் காட்டும் சலுகை என்று நினைக்கத் தேவையில்லை. 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் எல்லா விஷயங்களிலும் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைகளுக்குத் தருகிறது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்பளிக்கவும் சொல்கிறது. 31-ஆம் பிரிவு விளையாட்டையே உரிமையாக்குகிறது. 1992-இல் இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது.

ஒரு பிள்ளையிடம் கருத்துக் கேட்டால் அதற்குப் பதில் சொல்லக் கடமைப்படுகிறோம். இந்தக் கடமையை ஏற்கும் ஆசிரியர்கள், நலச்சங்கத்தினர், கவுன்சிலர்கள், பொறியாளர்கள் ஆகியோருக்காகவே கீழே உள்ளவை.

செய்ய வேண்டியவை

1. பிள்ளைகள் எதை முடிவு செய்யலாம் என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள்.
மழைநீர் வடிகால், மின்கம்பம், சுற்றுச்சுவர் போன்றவை பொறியாளரின் பொறுப்பு. விளையாட்டுப் பகுதியில் என்ன இருக்க வேண்டும், எந்த மரம் நட வேண்டும், உட்காரும் இடம் எப்படி இருக்க வேண்டும் என்பவற்றைப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். சிறிதானாலும் ஒரு பகுதியும் ஒரு தொகையும் முழுக்க அவர்கள் முடிவுக்கு இருக்கட்டும். இதை ஒரு தாளில் எழுதி, கவுன்சிலரிடமும் பொறியாளரிடமும் ஒப்புதல் வாங்கிய பிறகே வகுப்பறைக்குப் போங்கள். வரம்பு சொல்லாமல் கேட்டால் நீச்சல்குளம் கேட்பார்கள். அதை மறுத்தபின் அடுத்த கேள்விக்கு அவர்களிடமிருந்து உண்மையான பதில் வராது.

2. பள்ளியை முறைப்படி அழையுங்கள், பள்ளிக்கு வெளியே இருப்பவர்களையும் தேடுங்கள்.
தலைமையாசிரியரிடம் மட்டும் பேசினால் போதாது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர்கள். அவர்கள் கூட்டத்தில் விஷயத்தை வையுங்கள். பூங்காவைச் சுற்றி மாநகராட்சிப் பள்ளியும் தனியார் பள்ளியும் இருந்தால் இரண்டையும் ஒரே மேசையில் உட்காரவையுங்கள். வாரியக் குடியிருப்புப் பிள்ளைகள், கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத்தவரின் பிள்ளைகள் ஆகியோரில் பலர் இந்தப் பள்ளிகளில் இருக்க மாட்டார்கள். ஆனால் மாலையில் அதே பூங்காவுக்குத்தான் வருவார்கள். அவர்களைப் பூங்காவிலேயே சந்தித்துக் கேளுங்கள்.

3. “என்ன வேண்டும்?” என்பதற்கு முன் “நேற்று சாயங்காலம் எங்கே விளையாடினாய்?” என்று கேளுங்கள்.
என்ன வேண்டும் என்றால் பிள்ளைகள் தாங்கள் பார்த்ததைத்தான் சொல்வார்கள்: ஊஞ்சல், சறுக்குமரம், சீசா. எங்கே விளையாடினாய், யாரோடு, எந்த விளையாட்டு, யார் துரத்தினார்கள், ஏன் வீட்டுக்குத் திரும்பினாய் என்று கேட்டுப் பாருங்கள், வேறு ஓர் உலகம் திறக்கும். கல்லா மண்ணா ஆட மேடும் பள்ளமும் வேண்டும். பாண்டி ஆடக் கட்டம் போடும்படி வழவழப்பான தரை வேண்டும். பம்பரத்துக்கும் கோலிக்கும் இறுகிய மண் வேண்டும். கண்ணாமூச்சிக்கு ஒளிந்துகொள்ள அடிமரமோ குட்டைச் சுவரோ வேண்டும். பூங்கா முழுதும் பேவர் பிளாக்கும் புல்லும் ஆகிவிட்டால் இந்த ஆட்டங்களுக்கெல்லாம் இடம் போய்விடும்.

4. பூங்காவை அவர்கள் உங்களுக்குச் சுற்றிக் காட்டட்டும்.
நகரத்தில் வளரும் பிள்ளைகள் தங்கள் இடத்தை எப்படிப் பார்க்கிறார்கள் என்று 1970-களில் நகரத் திட்ட அறிஞர் கெவின் லிஞ்ச் யுனெஸ்கோவுக்காக நான்கு நாடுகளில் ஆராய்ந்தார். 1990-களில் ஆய்வாளர் லூயிஸ் சாவ்லா அந்த ஆய்வை மீண்டும் தொடங்கினார். பெங்களூரின் சத்யநகரும் அப்போது அதில் சேர்ந்தது. பிள்ளைகள் முன்னே நடக்க, பெரியவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு பின்னே போவது அந்த ஆய்வின் முறைகளுள் ஒன்று. நாமும் செய்யலாம். ஐந்தாறு பேருக்கு ஒரு பெரியவர் போதும். பிடித்த இடத்தில் பச்சை ரிப்பன், பயமான இடத்தில் சிவப்பு ரிப்பன் கட்டச் சொல்லுங்கள். மழை பெய்தால் எங்கே தண்ணீர் தேங்கும், எந்த விளக்கு எரிவதில்லை, எந்தப் பெஞ்சில் குடித்துவிட்டு வந்து உட்காருகிறார்கள் என்பதையெல்லாம் அவர்கள் அறிந்து வைத்திருப்பார்கள். காலையில் ஒரு முறை, மாலை ஐந்து மணிக்கு ஒரு முறை, விளக்குப் போட்டபின் ஒரு முறை நடந்து பாருங்கள். ஒவ்வொரு நேரத்திலும் அது வேறு பூங்கா.

5. பெண் பிள்ளைகளிடம் தனியாகவும் பேசுங்கள்.
கலந்த குழுவில் கிரிக்கெட் ஆடும் பையன்களின் குரலே ஓங்கும். பெண் பிள்ளைகள் ஒன்பது, பத்து வயதைத் தாண்டியதும் பூங்காவுக்கு வருவது குறைந்துவிடுகிறது என்பதை ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா 1990-களில் கண்டறிந்தது. அதற்காக 1999-இல் ஐன்சீட்லர் பூங்காவையும் சாங்க்ட் யோகான் பூங்காவையும் மாற்றியமைத்தது. ஒரே பெரிய மைதானத்தை ஒரு கூட்டமே பிடித்துக்கொள்ளாதபடி இடத்தைப் பகுதிகளாகப் பிரித்தார்கள். கைப்பந்து, இறகுப்பந்து ஆட இடம் விட்டார்கள், வெளிச்சத்தைக் கூட்டினார்கள். நம் ஊர்ப் பெண் பிள்ளைகளிடம் கேட்டால் வளையப்பந்து, த்ரோபால், கோகோ என்பார்கள். நாலு பேர் உட்கார்ந்து பேச ஓர் இடம் என்பார்கள். சுத்தமான, தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை என்பார்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள். ஆசிரியை ஒருவரைக் கொண்டு தனியே கேட்பது அதற்காகத்தான்.

6. மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளை முதல் நாளே சேருங்கள்.
2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்கள் அனைவருக்கும் எட்ட வேண்டும் என்கிறது. ஓர் அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு என்பது சாய்தளத்துக்கு ஏற்கப்பட்ட கணக்கு. ஆனால் சாய்தளம் முடியும் இடத்தில் மணல் தொடங்கினால் சக்கர நாற்காலி அங்கேயே நின்றுவிடும். அதில் வரும் பிள்ளையோடு ஒரு முறை சேர்ந்து சுற்றினால் இது தெரியும். பார்வை இல்லாத பிள்ளைக்குத் தொட்டு அறியும் விளிம்பு வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குக் கூச்சலிலிருந்து விலகி இருக்க ஒரு மூலை வேண்டும். திட்டத்தில் பிறகு செருகப்படும் வசதி பெரும்பாலும் யாரும் வராத ஓரத்தில்தான் அமையும்.

7. அளவைக் கையில் கொடுங்கள்.
பெரியவர்களுக்கே வரைபடம் எளிதில் விளங்குவதில்லை. ஒரு மீட்டரை இரண்டு சென்டிமீட்டராக்கினால், நாற்பது மீட்டர் நீளமும் இருபத்தைந்து மீட்டர் அகலமும் உள்ள பூங்கா, அதாவது சுமார் நாலரை கிரவுண்டு, எண்பதுக்கு ஐம்பது சென்டிமீட்டர் அட்டையில் அடங்கிவிடும். இருக்கும் மரங்களை அதில் நட்டுவிடுங்கள். மீதியைப் பழைய நோட்டு அட்டை, களிமண், ஐஸ் குச்சி கொண்டு பிள்ளைகள் செய்யட்டும். ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்து விகிதம் இங்கே உயிர் பெறும். பிறகு தங்கள் திட்டத்தைச் சுண்ணாம்புத் தூளால் பூங்காத் தரையிலேயே நிஜ அளவில் வரைந்து பார்க்கட்டும். ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும் எவ்வளவு இடம் வேண்டும் என்பது அப்போது தானாகவே புரியும். தொங்கும் கம்பியின் உயரத்தைப்போல் இரு மடங்கு, இரு பக்கமும் வேண்டும்.

8. விலையையும் பராமரிப்பையும் மறைக்காமல் சொல்லுங்கள்.
ஒரு நீரூற்றின் விலையில் எத்தனை ஊஞ்சல், எத்தனை மரம், எத்தனை குடிநீர்க் குழாய் வரும் என்று பட்டியல் கொடுங்கள். மோட்டார் பழுதானால் யார் சரிசெய்வார்கள் என்றும் பேசுங்கள். பணத்துக்கு வரம்பு உண்டு என்பதைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட எளிதாக ஏற்கிறார்கள். வீட்டில் தினமும் அதைத்தானே பார்க்கிறார்கள்.

9. பூங்காவில் வேலை செய்பவர்களை வகுப்புக்கு அழைத்து வாருங்கள்.
தோட்டப் பராமரிப்பாளர், தூய்மைப் பணியாளர், காவலாளி, பொறியாளர் ஆகியோர் ஒரு பாட வேளை வந்து பேசட்டும். எந்த மரம் எவ்வளவு நாளில் நிழல் தரும், எங்கே குப்பை சேர்கிறது, ஏன் நண்பகலில் கேட்டைப் பூட்டுகிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். பிள்ளைகளும் திருப்பிக் கேட்பார்கள். கோடை விடுமுறையில் மதிய நேரத்தில் நிழலுக்குக்கூடப் பூங்கா திறந்திருக்காதா என்ற கேள்வி எழுந்தால் அதை அதிகாரியிடம் கொண்டுபோங்கள். செலவே இல்லாமல் ஒரு மாற்றம் கிடைக்கலாம்.

10. வரைபடம் தயாரானதும் திரும்பிப் போய்ப் பதில் சொல்லுங்கள்.
இந்தப் பட்டியலில் மிக முக்கியமானது இது. மிக அதிகமாகக் கைவிடப்படுவதும் இதுதான். பிள்ளைகள் சொன்ன ஒவ்வொன்றையும் ஓர் அட்டவணையில் எழுதி, எதிரே மூன்றில் ஒன்றைக் குறியுங்கள்: செய்கிறோம், பிறகு செய்வோம், முடியாது. கடைசி இரண்டுக்கும் காரணம் எழுதுங்கள். “கீழே கழிவுநீர்க் குழாய் போகிறது, அங்கே பள்ளம் தோண்ட முடியாது” என்றால் பத்து வயதுப் பிள்ளைக்குப் புரியும். அட்டவணையைப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் பூங்கா வாசலிலும் ஒட்டுங்கள். பொறியாளரே நேரில் வந்து விளக்கினால் மிக நல்லது. மறுக்கப்பட்ட கோரிக்கையால் பிள்ளை மனம் உடைவதில்லை. தான் சொன்னது என்ன ஆயிற்று என்றே தெரியாமல் போவதுதான் அதன் மனத்தை உடைக்கும்.

11. முடிவைப் பதிவாக்குங்கள்.
தமிழ்நாட்டு நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2022 முதல் வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் நடக்கின்றன. ஊராட்சிகளில் கிராம சபை இருக்கிறது. பிள்ளைகளின் திட்டத்தை அங்கே இரண்டு மாணவர்கள் வாசிக்கட்டும், தீர்மானப் புத்தகத்தில் ஏறட்டும். கவுன்சிலரோ அதிகாரியோ மாறினாலும் எழுத்தில் உள்ளது நிற்கும்.

செய்யக்கூடாதவை

1. ஓவியப் போட்டி நடத்தாதீர்கள்.
“நான் விரும்பும் பூங்கா” என்று தலைப்புக் கொடுத்து முதல் மூன்று படங்களுக்குப் பரிசு தருவது நம் பள்ளிகளில் எளிதில் நடந்துவிடும். அதில் நன்றாக வரையத் தெரிந்தவர் வெல்வார். வரையத் தெரியாமல் நல்ல யோசனை வைத்திருக்கும் பிள்ளை ஒதுங்கிவிடும். நடுவருக்குப் பிடிக்கும் சூரியனும் மலையும் வானவில்லும்தான் தாளில் வரும். வரையச் சொல்லலாம். ஆனால் ஒவ்வொரு படத்தின் அருகிலும் உட்கார்ந்து, இது என்ன, இங்கே யார் விளையாடுகிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பரிசு வேண்டாம்.

2. கைதூக்கச் சொல்லி முடிவெடுக்காதீர்கள்.
இருபது பேர் கிரிக்கெட் வலை கேட்டு, ஒருவர் சக்கர நாற்காலிப் பாதை கேட்டால் எண்ணிக்கை நியாயமாகாது. முதலில் பேசுங்கள், பிறகு எண்ணுங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, பிடித்த யோசனைகளின் முன் உள்ள டப்பாக்களில் பிரித்துப் போடச் சொன்னால் ஒரு பிள்ளையின் பல விருப்பங்கள் வெளிப்படும். வயது வாரியாகவும் எண்ணுங்கள். நான்கு வயதுத் தம்பிக்கும் பதினான்கு வயது அக்காவுக்கும் ஒரே சறுக்குமரம் பொருந்தாது.

3. கேட்பதற்கு முன்பே கேட்டலாக்கைத் திறக்காதீர்கள்.
சாதனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதன் நிறத்தை மட்டும் பிள்ளைகளிடம் கேட்பது பங்கேற்பு ஆகாது. டச்சுக் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் 1947 முதல் 1978 வரை ஆம்ஸ்டர்டாமில் எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்களை அமைத்தார். பெரும்பாலும் மணல்தொட்டி, வளைந்த கம்பிகள், குட்டைத் தூண்கள் ஆகியவைதான் அவற்றில் இருந்தன. இப்படித்தான் ஆட வேண்டும் என்று அவை பிள்ளைக்குக் கட்டளையிடவில்லை. நம்மிடம் மணல், மூங்கில், மரத்துண்டு, பாறை, பழைய டயர் எல்லாம் உண்டு. டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் சோரன்சன் தாம் கட்டிய மைதானங்களைவிடக் கட்டுமான இடத்துப் பலகையிலும் செங்கல்லிலும் பிள்ளைகள் மனம் ஒன்றி ஆடுவதைக் கண்டார். 1943-இல் கோபன்ஹேகனின் எம்ட்ரூப்பில் தொடங்கிய விளையாட்டு இடம் அதிலிருந்து பிறந்ததுதான்.

4. வெயிலை மறக்காதீர்கள்.
தகரச் சறுக்குமரம் சித்திரை வெயிலில் தொடையைச் சுட்டுவிடும். கறுப்பு ரப்பர் தரையும் வெறுங்காலுக்குச் சூடுதான். சறுக்குமரத்தை மர நிழலிலோ வடக்கு நோக்கியோ வையுங்கள். விழும் இடத்தில் ஓர் அடிக்குக் குறையாமல் மணல் கொட்டி, இறுகாமல் கிளறி வையுங்கள்.

5. விபத்துப் பயத்தில் எல்லாவற்றையும் தட்டையாக்காதீர்கள்.
பிள்ளை பார்த்து, எடைபோட்டு, ஏறலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கக்கூடிய உயரம் நல்லது. அதன் கண்ணுக்குத் தெரியாத ஆபத்துதான் கூடாது: துருத்தி நிற்கும் போல்ட், உடைந்த ஃபைபர், ஆட்டம் கண்ட கம்பம். மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட இடைவெளியில் சிறு பிள்ளையின் உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். கம்பிகளை அளந்து பாருங்கள். அரளி, தங்க அரளி இரண்டும் நஞ்சு. விளையாட்டுப் பகுதிக்கு அருகே அவை வேண்டாம். பெரியவர்களின் உடற்பயிற்சிக் கருவிகளில் பிள்ளைகளின் விரல்கள் நசுங்கக்கூடும். அவற்றைத் தள்ளி வையுங்கள்.

6. இருப்பதை அழித்துவிட்டுத் தொடங்காதீர்கள்.
பெரியவருக்குக் காடாகத் தெரியும் புதர்தான் பிள்ளைகள் ஒளியும் இடம். பூவரச மரத்து இலையில் பீப்பி செய்வார்கள், நாவல் மரத்தடியில் வாய் ஊதாவாகும்வரை தின்பார்கள், வாதுமைக் கொட்டையைக் கல்லால் உடைப்பார்கள். இந்த மரங்களை வெட்டி அசோக மரம் வரிசையாக வைத்தால் அழகு கூடலாம், விளையாட்டு குறையும். இடிக்கும் முன் எதை விட்டுவைக்க வேண்டும் என்று பிள்ளைகளிடம் ஒரு பட்டியல் வாங்குங்கள்.

7. பிள்ளைகளை விழாப் பொருளாக்காதீர்கள்.
ஆய்வாளர் ராஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெஃப் வெளியிட்ட நூலில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக விவரித்தார். அடியிலுள்ள மூன்று படிகளில் பெரியவர்கள் பிள்ளைகளைத் தங்கள் நோக்கத்துக்குப் பயன்படுத்துகிறார்கள், அலங்காரமாக நிறுத்துகிறார்கள், பெயருக்குப் பேச வைக்கிறார்கள். இவை பங்கேற்பே அல்ல என்றார். சீருடையில் வெயிலில் நிறுத்தி விருந்தினருக்குப் பூ தூவ வைப்பது இந்த மூன்றில் ஒன்று. பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையின் படத்தையும் பெயரையும் எங்கும் போடாதீர்கள். “இந்த மூலையில் எனக்குப் பயம்” என்று ஒரு பிள்ளை சொன்னால் அதைச் செய்தியாக்காதீர்கள். தலைமையாசிரியரிடம் சொல்லி அதன் பாதுகாப்பைக் கவனியுங்கள். தேவையானால் குழந்தைகள் உதவி எண் 1098-ஐ அழையுங்கள்.

8. அவர்களை இலவச வேலையாட்களாக்காதீர்கள்.
மரக்கன்று நடுவது, சுவரில் வரைவது, பாண்டிக் கட்டம் போடுவது எல்லாம் மகிழ்ச்சி. மண் சுமப்பதும் குப்பை அள்ளுவதும் அவர்கள் வேலை அல்ல.

9. திறப்பு விழாவோடு கைகழுவாதீர்கள்.
மூன்று மாதம் கழித்து அதே பிள்ளைகளோடு அதே சுற்று நடந்து பாருங்கள். எது ஓயாமல் பயன்படுகிறது, எது சும்மா நிற்கிறது, எது உடைந்திருக்கிறது என்று குறித்து, ஒரு சிறு தொகையை அந்தத் திருத்தங்களுக்கென்றே முன்கூட்டி ஒதுக்கி வையுங்கள். உடைந்ததை யாரிடம் சொல்ல வேண்டும் என்று வாசலில் ஒரு தொலைபேசி எண்ணைப் பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதுங்கள்.

எப்போது தொடங்குவது

பள்ளி நாட்காட்டியும் உள்ளாட்சி நாட்காட்டியும் பொருந்த வேண்டும். ஜூன், ஜூலையில் பள்ளிகளோடு பேசி வரம்புகளை எழுதிக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் பூங்காவைச் சுற்றி நடங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் மாதிரி செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழை வரும்போது தண்ணீர் தேங்கும் இடங்களைப் பிள்ளைகளோடு மறுபடி பாருங்கள். ஜனவரிக்குள் திட்டம் உங்கள் கையில் இருந்தால் உள்ளாட்சி பட்ஜெட் தயாராகும் வேளையில் கவுன்சிலரிடம் கொடுக்க முடியும். ஆண்டுத் தேர்வுக்கு முன் பதில் அட்டவணை பள்ளிச் சுவரில் ஏற வேண்டும். அடுத்த ஆண்டு சில பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள், அவர்களுக்கும் பதில் தெரிந்தாக வேண்டும்.

அரசு, உள்ளாட்சி, மக்கள் பங்கேற்பு என்று பாடப் புத்தகத்தில் படித்துத் தேர்வெழுதும் பிள்ளைக்கு, தான் சொன்னதால் ஒரு குடிநீர்க் குழாய் தன் உயரத்துக்கு இறங்கியது என்பதுதான் முதல் அனுபவப் பாடம். தான் சொன்னது ஏன் நடக்கவில்லை என்று ஓர் அதிகாரி தன்னிடம் விளக்கினார் என்பது இரண்டாவது பாடம். இந்த இரண்டையும் கற்ற பிள்ளை வளர்ந்து பகுதி சபைக்கு வந்து கேள்வி கேட்கும். அப்படிக் கேட்பவர்கள் நம் ஊருக்கு வேண்டும்.